இத்தாலிய மொழி படிக்கச் சில மாதம்: தம்பதியாகப் போகிறவர்களுக்கு எந்த ஊர் நல்லது?

கேள்வியின் சுருக்கம் இது: கணவன், மனைவி இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். இத்தாலியில் ஓர் ஊரில் நான்கைந்து மாதம் தங்கி மொழியை முறையாகப் படிக்க ஆசை. ஃப்ளாரன்ஸா, சியேனாவா, வேறு ஊரா? விசா, வீடு, சாப்பாடு எல்லாம் எப்படி? இந்த வயதில் மொழி ஏறுமா?

என் பதில் பெரூஜா. ரோமுக்கும் ஃப்ளாரன்சுக்கும் நடுவில் இருக்கும் உம்ப்ரியா மாநிலத்தின் தலைநகர். கிட்டத்தட்ட ஐந்நூறு மீட்டர் உயரத்தில், குன்றின் மேல் இருக்கிற ஊர். நானும் மனைவியும் ஓர் இலையுதிர்காலத்தில் போய் இறங்கி, அடுத்த வசந்தம் வரை அங்கே தங்கிப் படித்தோம். ஊர்ப் பாசத்தில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், காரணத்தோடுதான் சொல்கிறேன்.

தம்பதியாகப் போய் மொழி படிப்பவர்களுக்குப் பெரிய தடை இலக்கணமும் இல்லை, வயதும் இல்லை. பக்கத்திலேயே தமிழ் பேச ஓர் ஆள் இருப்பதுதான். தனியாகப் போகிற இருபது வயதுப் பையன் வாயைத் திறந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஒரு காபிகூடக் கிடைக்காது. நமக்கு அந்த நெருக்கடி இல்லை. இருவரில் கொஞ்சம் நன்றாகப் பேசுகிறவர் எல்லா இடத்திலும் பேசுவார், மற்றவர் பின்னால் நின்று தலையாட்டுவார். சாயங்காலம் கதவைச் சாத்தியதும் வீட்டுக்குள் தமிழ்தான். மூன்று மாதம் இப்படியே போனால் ஒருவர் சுமாராகப் பேசுவார், இன்னொருவருக்கு 'போன்ஜோர்னோ' மட்டும் மிஞ்சும். அதனால் ஊர், வீடு, வகுப்பு என்று எதை முடிவு செய்தாலும், அது உங்களைத் தனித்தனியாக இத்தாலியர்களிடம் கொண்டுபோய் விடுமா என்று பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஃப்ளாரன்சை முதலில் தள்ளிவிடுங்கள். பார்க்க வேண்டிய ஊர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் ஊர் நடுவில் நீங்கள் தட்டுத்தடுமாறி ஒரு வாக்கியம் கோர்ப்பதற்குள் கடைக்காரர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, வரிசையில் பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். வாடகையும் கையைக் கடிக்கும். பொலோன்யா 1088-ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லும் பல்கலைக்கழகத்தின் ஊர், நல்ல சாப்பாடு, மேடு பள்ளம் இல்லாத தெருக்கள். ஆனால் அங்கே மாணவர்களுக்கே வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. சியேனா உண்மையிலேயே நல்ல மாற்று. அங்கேயும் வெளிநாட்டவருக்கான பல்கலைக்கழகம் இருக்கிறது, அதன் 'சில்ஸ்' சான்றிதழுக்கு நல்ல மதிப்பு. ஜூலை 2, ஆகஸ்ட் 16 இரண்டு நாளும் நடக்கும் 'பாலியோ' குதிரைப் பந்தயத்தை ஒட்டி அங்கே வீடு தேடாதீர்கள், அவ்வளவுதான். சியேனா இருக்கும் டஸ்கனி மாநிலத்துக்காரர்கள் சொல் நடுவில் வரும் 'க' ஒலியைக் காற்றாக்கி 'ஹ' என்று சொல்வார்கள். புதிதாகப் படிப்பவருக்கு அது முதல் சில வாரம் குழப்பும்.

பெரூஜாவில் வெளிநாட்டு மாணவரைப் பார்ப்பது யாருக்கும் புதுமை இல்லை. அதே நேரம், ஆங்கிலத்தால் பிழைக்கிற ஊரும் இல்லை. பெரூஜா வெளிநாட்டவர் பல்கலைக்கழகத்தின் கதை 1921-ல் ஆஸ்தோர்ரே லுபாத்தெல்லி என்ற வழக்கறிஞர் தொடங்கிய பண்பாட்டுப் பாடங்களிலிருந்து வருகிறது. அப்போதிலிருந்து இத்தாலிய மொழி படிக்க வந்தவர்களைப் பார்த்துப் பழகிய ஊர் இது. ரொட்டிக்கடைப் பெண்மணிக்கு உடைந்த இத்தாலியனைக் கேட்டுப் புரிந்துகொள்வது அன்றாட வேலை. நிதானமாகக் காத்திருப்பார், தப்பாகச் சொன்னதைச் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பொட்டலத்தைக் கொடுப்பார். இதற்குத் தனியாக ஆசிரியர் வைத்தால் மணிக்கு எவ்வளவு ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பல்கலைக்கழகம் இருப்பது பலாட்சோ காலேங்கா என்ற பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகையில். எதிரிலேயே, ரோமர்களுக்கு முன்பு இங்கே வாழ்ந்த எட்ருஸ்கர்கள் கட்டிய பெரிய வளைவு வாசல், கிறிஸ்துவுக்கு முந்தைய மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கி.மு. 40-ல் ஊர் எரிந்துபோன பிறகு ரோமப் பேரரசர் அகஸ்டஸ் அதன்மேல் தன் பெயரோடு 'அவ்குஸ்தா பெரூசியா' என்று பொறித்துவைத்தார். இன்றும் படிக்கலாம். வகுப்பு இடைவேளையில் அதன் அடியில் நின்றுதான் எல்லோரும் சிகரெட் பிடிக்கிறார்கள், சாண்ட்விச் சாப்பிடுகிறார்கள்.

முழங்கால் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். மேலே நாலாம் நவம்பர் சதுக்கம்; பிசானோ தந்தையும் மகனும் 1270-களில் செதுக்கிய 'ஃபொந்தானா மஜ்ஜோரே' நீரூற்று அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு இறங்கும் உலிஸ்ஸே ரோக்கி தெரு செங்குத்தானது. காலையில் இறங்குவது சுகம், மதியம் பசியோடு ஏறும்போது மூச்சு வாங்கும். மேல்பகுதியில் வீடு எடுத்தால் தினமும் இதுதான். அதற்குப் பதில் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் பக்கம் போகும் கோர்சோ கரிபால்தி தெருவைப் பாருங்கள். மெல்ல ஏறும் நீளமான பழைய தெரு, கடைசியில் சான்த் ஆஞ்செலோ என்ற வட்டவடிவப் பழங்கோயில். வகுப்புக்குச் சில நிமிட நடை. மாணவர்கள் நிறைய, இரவில் கொஞ்சம் சத்தம் இருக்கும்.

ரயில் நிலையம் ஃபொந்திவெஜ்ஜே கீழே இருக்கிறது. அங்கிருந்து மேலே ஏற 2008-ல் திறந்த 'மினிமெத்ரோ' என்ற குட்டித் தானியங்கி ரயில் உண்டு. பார்த்திஜானி சதுக்கத்திலிருந்து ஏறினால் எஸ்கலேட்டர் வரிசை. இந்த எஸ்கலேட்டர் போகிற வழிக்காகவே பெரூஜாவுக்கு வரலாம். 1540-ல் போப் மூன்றாம் பால் உப்பின் மேல் வரி ஏற்ற, பெரூஜா எதிர்த்துக் கிளம்பித் தோற்றது. தண்டனையாக, ஊரை ஆண்ட பல்யோனி குடும்பத்தின் வீடுகள் இருந்த பகுதியின் மேலேயே 'ரோக்கா பாவ்லீனா' என்ற கோட்டையை எழுப்பினார் போப். இத்தாலி ஒன்றான காலத்தில் மக்கள் கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். அடியில் புதைந்த தெருக்களும் வீட்டுச் சுவர்களும் அப்படியே தங்கிவிட்டன. கையில் காய்கறிப் பையோடு எஸ்கலேட்டரில் நின்றால், சுற்றிலும் அந்தப் பழைய தெரு. ஊர்க்காரர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அலைபேசியைப் பார்த்துக்கொண்டு அதைக் கடக்கிறார்கள்.

சரி, வகுப்பு. முதல் நாள் நிலை அறியும் தேர்வு வைப்பார்கள். ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். எங்களில் ஒருவருக்கு முன்பே ப்ரெஞ்சு தெரிந்திருந்ததால் தேர்வே எங்களைப் பிரித்து வேறு வேறு வகுப்பில் போட்டுவிட்டது. அதைவிட நல்லது எதுவும் நடந்திருக்க முடியாது. உங்கள் இருவருக்கும் ஒரே நிலை வந்தால், வேறு வேறு பிரிவில் போடச் சொல்லி அலுவலகத்தில் கேளுங்கள். வெட்கமே வேண்டாம், தம்பதிகள் கேட்பது அவர்களுக்குப் பழக்கம்தான். ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால், ஜோடியாகப் பேசிப் பழகும் பயிற்சி வரும்போதெல்லாம் நீங்கள் இருவரும் ஜோடி சேர்வீர்கள். முப்பது வருடம் பேசி முடித்ததையே இத்தாலியனில் இன்னொரு முறை பேசுவீர்கள். பக்கத்தில் ஒரு சீனப் பெண் இருந்தால் அவள் ஊர், அவள் பாட்டு, அவள் ஏன் இத்தாலிக்கு வந்தாள் என்று கேட்க வேண்டிவரும். அதுதான் படிப்பு.

சீன மாணவர்கள் அங்கே நிறைய. 'மார்க்கோ போலோ', 'துரன்தோத்' என்று இரண்டு திட்டங்கள் உண்டு. முதலாவது பல்கலைக்கழகங்களில் சேர வருபவர்களுக்கு, இரண்டாவது இசை, ஓவியக் கல்லூரிகளுக்கு வருபவர்களுக்கு. இருவகையினரும் முதலில் சில மாதம் மொழி படித்தாக வேண்டும். அப்புறம் ரோமில் இறையியல் படிக்கப் போகும் பாதிரியார்கள், கன்னியாஸ்திரீகள். இவர்களில் தென்னிந்தியர்களும் இருப்பார்கள். தமிழ் பேசுகிற ஒரு சிஸ்டர் இடைவேளையில் கண்ணில் பட்டால் சந்தோஷப்படுங்கள், கொஞ்ச நேரம் பேசுங்கள், ஆனால் தினமும் அவரோடு மட்டும் மதியச் சாப்பாடு வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த சிஸ்டருக்கும் அது நல்லதில்லை.

பாடம் முதல் நாளிலிருந்தே இத்தாலியனில்தான். ஆங்கில விளக்கம் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு வாரம் எதுவும் புரியாதது போல் இருக்கும், இரண்டாம் வாரம் ஆசிரியர் கையை ஆட்டுவதிலிருந்தே பாதி புரியும்.

தமிழர்களுக்கு இந்த மொழியில் சில சலுகைகள் உண்டு, அவற்றைத் தெரிந்துகொண்டு போனால் நல்லது. இரட்டித்த மெய்யைக் காதால் பிரித்தறிய ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் மாதக்கணக்கில் திணறுவார்கள். நமக்கு படு, பட்டு என்று பிறந்ததிலிருந்தே அது தெரியும். வினைமுற்றிலேயே ஆள் தெரிந்துவிடுவதால், நம்மைப் போலவே அவர்களும் 'நான்', 'நீ' என்பதை வாக்கியத்தில் விட்டுவிடுகிறார்கள். பெரியவர்களிடமும் தெரியாதவர்களிடமும் வேறு விதமாகப் பேச வேண்டும் என்பதையும் யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. ஒன்றில் மட்டும் கவனம். இத்தாலியரின் 'டி' (t) எழுத்தின் ஒலி நம் 'த்'தான், 'ட்' இல்லை. ஆங்கிலம் வழியாகப் படித்த பழக்கத்தில் நம்மவர்கள் 'டுட்டோ' என்று நாக்கை மடிப்பார்கள். 'தூத்தோ' என்று பல்லில் வைத்துச் சொல்லிப் பாருங்கள், கேட்பவர் முகம் தெளிவதைப் பார்க்கலாம்.

கஷ்டம் வேறு இடத்தில் வரும். மேசைக்கும் கதவுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு என்பதை அறிவு ஏற்றுக்கொள்ளும், வாய் ஏற்றுக்கொள்ள நாளாகும். பெயருக்கு முன்னால் வரும் இல், லோ, லா, ஈ, ல்யி, லே என்ற குட்டிச் சொற்கள் தனித் தலைவலி. போனேன், வந்தேன் போன்ற இறந்தகாலத்துக்கு ஒரு துணைவினை, சாப்பிட்டேன், வாங்கினேன் போன்றவற்றுக்கு இன்னொன்று. முன்னிடைச் சொற்களை விதியாகப் படித்து மாளாது. ஊருக்கு ஒன்று, நாட்டுக்கு ஒன்று, டாக்டரிடம் போவதற்கு ஒன்று. முழு வாக்கியமாகவே மனப்பாடம் செய்யுங்கள். சின்ன வயதில் வாய்ப்பாடு ஒப்பித்த தலைமுறைக்கு இதில் ஒரு அனுகூலம் உண்டு, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது காகித வேலை. 90 நாளுக்குள் திரும்பிவிடுவதாக இருந்தால் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா போதும். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் மொத்தம் 90 நாள்தான் தங்கலாம் என்பது விதி. அதற்கு மேல் என்றால் படிப்புக்கான 'டி' வகைத் தேசிய விசா வேண்டும். அதற்குப் பொதுவாக வாரம் 20 மணி நேரப் படிப்பு, கட்டணம் கட்டிய சான்று, தங்குமிடம், பண வசதி, காப்பீடு எல்லாம் கேட்பார்கள். 'ஒருவர் படிக்கட்டும், மற்றவர் துணைக்கு வரட்டும்' என்று திட்டமிடுகிறவர்கள் உண்டு. அது நடக்காது. குடும்பத்தினரை வரவழைக்க, வரவழைப்பவரிடம் ஓராண்டுக்குக் குறையாத தங்கும் அனுமதி இருக்க வேண்டும். சில மாத மொழிப் படிப்புக்கு அப்படிப்பட்ட அனுமதி தரமாட்டார்கள். இருவரும் மாணவராகச் சேர்வதுதான் வழி, மொழிக்கும் அதுதான் நல்லது.

நீண்ட விசாவில் போனால், இறங்கிய 8 வேலைநாளுக்குள் 'பெர்மெஸ்ஸோ தி சொஜ்ஜோர்னோ' எனப்படும் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். தபால் நிலையத்தில் 'ஸ்போர்தெல்லோ அமீகோ' என்று எழுதியிருக்கும் கவுன்டரில் விண்ணப்ப உறை இலவசமாகக் கிடைக்கும். படிவத்தைக் கறுப்பு மையில் நிரப்பி, பாஸ்போர்ட் பக்கங்களின் நகலை வைத்து, உறையை ஒட்டாமல் திறந்தபடியே கொண்டுபோங்கள். அங்கே இருப்பவர் ஒவ்வொரு தாளாகப் பார்ப்பார். 16 யூரோ வரிவில்லையைப் புகையிலைக் கடையில் வாங்க வேண்டும். இத்தாலியில் பஸ் டிக்கெட், வரிவில்லை, தொலைபேசிக் காசு எல்லாம் 'தபாக்கி' என்ற அந்தக் கடையில்தான். மூன்று மாதம் முதல் ஒரு வருடம் வரையிலான அனுமதிக்குச் சமீப ஆண்டுகளில் 70.46 யூரோ கட்டணம், தபால் நிலையத்துக்கு 30 யூரோ. ஆளுக்கு இவ்வளவு. போகும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் ஒரு ரசீதும், கைரேகை கொடுக்க 'க்வெஸ்தூரா' என்ற காவல் தலைமையகத்துக்கு என்று வர வேண்டும் என்ற சீட்டும் தருவார்கள். அனுமதி அட்டை கைக்கு வருவதற்குள் உங்கள் படிப்பே முடிந்துவிடலாம். கவலை வேண்டாம், அந்த ரசீதே இத்தாலிக்குள் செல்லுபடியாகும். அதைப் பாஸ்போர்ட்டை விடப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழர்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு ஒப்பந்தம், சிம் கார்டு எதற்கும் 'கோதிச்சே ஃபிஸ்காலே' என்ற 16 எழுத்து வரி எண் கேட்பார்கள். வரி அலுவலகத்தில் இலவசமாகத் தருகிறார்கள். குடும்பப் பெயர், சொந்தப் பெயர், பிறந்த நாள், பிறந்த இடம் ஆகியவற்றிலிருந்து அதை உருவாக்குகிறார்கள். நம் பாஸ்போர்ட்டுகளிலோ குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். விசாவில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதே வரிசையில், அதே எழுத்துக்கூட்டில் கோதிச்சே, வாடகை ஒப்பந்தம், காப்பீடு எல்லாவற்றிலும் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் மாறினால் எல்லாத் தாளிலும் கேள்வி வரும். கணவன் மனைவியின் பெயர் வேறு வேறாக இருப்பது மட்டும் பிரச்சினையே இல்லை, இத்தாலியப் பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொள்கிறார்கள்.

மருத்துவக் காப்பீட்டில் ஒரு நுணுக்கம். மாணவர்கள் அரசு மருத்துவத் திட்டத்தில் தாங்களாகச் சேரலாம், ஆனால் 2024 முதல் அதற்கு ஆண்டுக்கு 700 யூரோ. அந்த ஆண்டு என்பது ஜனவரி முதல் டிசம்பர் வரை. செப்டம்பரில் போய் இறங்குகிறவர் சேர்ந்தால் டிசம்பரில் காலாவதியாகிவிடும். நான்கைந்து மாதத்துக்குத் தனியார் காப்பீடே மேல். இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டில் மருந்தின் வேதிப் பெயரை எழுதி வாங்கிப் போங்கள், நம் ஊர் கம்பெனிப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது.

வீட்டைச் சென்னையில் உட்கார்ந்துகொண்டே முழுக் காலத்துக்கும் முன்பணம் கட்டி எடுக்காதீர்கள். விசாவுக்குத் தேவையான அளவுக்கு ஓர் இடத்தைப் பதிவு செய்துகொண்டு, போய்ப் பார்த்துவிட்டு மீதி மாதங்களை முடிவு செய்யுங்கள். 30 நாளுக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தை வரி அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். 'பதிவு வேண்டாம், ரொக்கமாகக் கொடுங்கள், குறைத்துத் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் வேறு வீடு பாருங்கள், தங்கும் அனுமதிக்கு அந்தத் தாள் தேவைப்படும். நாங்கள் பார்த்த ஒரு படுக்கையறை வீடுகள் பெரும்பாலும் மாதம் 500 முதல் 700 யூரோவுக்குள் இருந்தன. இதோடு மின்சாரம், எரிவாயு, கட்டடப் பராமரிப்பு தனியா, சேர்ந்தா என்று கேளுங்கள். பெரூஜாவில் வீட்டைச் சூடேற்ற அனுமதிக்கும் காலம் பொதுவாக அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, ஒரு நாளைக்கு அதிகபட்சம் 14 மணி நேரம். ஜனவரியில் வடக்கிலிருந்து 'த்ரமொந்தானா' காற்று அடிக்கும்போது மீதிப் பத்து மணி நேரமும் போர்வைக்குள்தான்.

மின்சாரத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இத்தாலிய வீடுகளுக்கு வழக்கமாக 3 கிலோவாட்தான் இணைப்பு. இண்டக்‌ஷன் அடுப்பில் குக்கர், துணி துவைக்கும் இயந்திரம், வெந்நீர் பாய்லர் மூன்றும் ஒன்றாக ஓடினால் பட்டென்று வீடே இருண்டுவிடும். மீட்டர் பெரும்பாலும் தரைத்தளத்தில், எல்லா வீட்டு மீட்டர்களும் வரிசையாக இருக்கும் அலமாரிக்குள். முதல் முறை அப்படி ஆனபோது என் மனைவி அலைபேசி வெளிச்சத்தில் நாலு மாடி இறங்கிப் போனாள். கீழ்வீட்டு அம்மா ஏப்ரனோடு வெளியே வந்து, எந்த மீட்டர் எங்களுடையது என்று காட்டி, பொத்தானை மேலே தள்ளச் சொல்லி, இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்பதையும் கற்றுக்கொடுத்தார்: 'எ சல்தாதா லா லூச்சே.' அப்புறம் கொஞ்சம் தயங்கி, தினமும் காலையில் உங்கள் வீட்டில் விசிலடிப்பது என்ன என்று கேட்டார். குக்கரைக் கொண்டுபோய்க் காட்டி விளக்கியதில் அரை மணி நேரம் ஓடியது. அன்றிலிருந்து மனைவிக்கு அந்த வீட்டில் கிழமை தவறாமல் காபி. நான் அழைக்கப்படவில்லை, அதனால்தான் அவள் இத்தாலியன் அவ்வளவு வேகமாக வளர்ந்தது.

உம்ப்ரியா பன்றி இறைச்சிக்குப் பேர்போன மாநிலம், ஆனாலும் சைவம் சாப்பிடுகிறவர்கள் பட்டினி கிடக்க மாட்டார்கள். காஸ்தெல்லூச்சோ மலையில் விளையும் சின்னப் பயறு இங்கே பெருமைக்குரிய பொருள். ஊறவைக்கக்கூட வேண்டாம், மிளகு சீரகம் தாளித்துக் கொட்டினால் நம் வீட்டுச் சாப்பாடு. 'தோர்த்தா அல் தெஸ்தோ' என்று கல்லில் சுடும் தட்டை ரொட்டியைக் கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்து வாங்குங்கள். சாதா ரொட்டியில் உப்பே இருக்காது. முன்னே சொன்ன உப்புவரிச் சண்டையில் தோற்ற கோபத்தில் உப்பை விட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள். வரலாற்றாசிரியர்கள் அதை அவ்வளவாக நம்புவதில்லை, ஆனால் ரொட்டிக்கடையில் அதை மறுத்துப் பேசாதீர்கள். பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்த்துச் செய்வது. கடுமையான சைவர்கள் இதை அறிந்துகொண்டு முடிவு செய்யட்டும். பாஸ்மதி அரிசி சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும், மசாலாவுக்கும் பருப்புக்கும் ரயில் நிலையம் பக்கம் இருக்கும் ஆசியக் கடைகள். புளியும் பெருங்காயமும் கையோடு கொண்டுபோங்கள்.

பேச்சுப் பழக்கத்துக்கு நான் நம்புவது வேலைப் பிரிவினையை. காய்கறி, தபால் நிலையம் ஒருவர். மருந்துக்கடை, வீட்டுக்காரர், பஸ் டிக்கெட் இன்னொருவர். ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடக் கூடாது, கூடவும் போகக் கூடாது. காலைக் காபியையும் வேறு வேறு கடையில் குடிக்கலாம். நின்றுகொண்டே குடித்தால் ஒன்றேகால் யூரோ அளவில் முடியும், உட்கார்ந்தால் விலை ஏறும். ஒரே கடைக்கு ஒரே நேரத்துக்குப் போனால் ஒரு வாரத்தில் கடைக்காரர் கேட்காமலே உங்கள் காபியைப் போடுவார், இரண்டாம் வாரம் நேற்றைய ஃபுட்பால் பற்றி உங்கள் கருத்தைக் கேட்பார். பெரும்பாலான சின்னக் கடைகள் மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை பூட்டியிருக்கும், அந்த நேரத்தில் வீட்டுப்பாடம் எழுதுங்கள். சாயங்காலம் ஊரே கோர்சோ வன்னூச்சியில் மேலும் கீழும் நடக்கும். அந்த நடையை மட்டும் சேர்ந்தே போங்கள்.

சனிக்கிழமைகளில் பார்க்க வேண்டியது நிறைய. உம்ப்ரியா தேசிய ஓவியக்கூடத்தில் பியெரோ தெல்லா ஃப்ரான்செஸ்காவின் பலகை ஓவியத்துக்கு ஒரு முழுக் காலை கொடுங்கள். அசீசிக்கு ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. கி.மு. 217-ல் ஹன்னிபால் ரோமப் படையை மடக்கிய த்ராசிமேனோ ஏரியும் பக்கம்தான். 1922-ல் இதே ஊரில் பிறந்த 'பாச்சி' சாக்லேட்டைப் பிரித்தால் உள்ளே ஒரு காதல் வரி இருக்கும். அகராதி இல்லாமல் அது புரிகிற நாளில் ஏ2 வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஜூலையில் 'உம்ப்ரியா ஜாஸ்' இசைவிழா, வாடகை எகிறும். ஆகஸ்ட் நடுவில் ஊரே கடலுக்குப் போய்விடும், பேச ஆள் கிடைக்காது. இரண்டையும் தவிர்த்து, செப்டம்பர் கடைசியிலோ பிப்ரவரியிலோ தொடங்குங்கள்.

இந்த வயதில் ஏறுமா என்ற கேள்விக்கு வருகிறேன். வாரம் 20 மணி, பன்னிரண்டு வாரம் என்றால் வகுப்பு மட்டும் 240 மணி. ஒன்றுமே தெரியாமல் போகிறவர் ஒழுங்காக வந்தால் ஏ2-வை உறுதியாகப் பிடிக்கலாம், கடைத்தெருவும் கீழ்வீட்டு அம்மாவும் உதவினால் பி1 வாசல் தெரியும். இளைஞர்கள் சொற்களை நம்மைவிட வேகமாகப் பிடிப்பார்கள், உண்மை. ஆனால் அவர்கள் இரவு இரண்டு மணிக்குத் தூங்கப் போய்விட்டுக் காலை வகுப்பில் கண்ணயர்வார்கள். நாம் ஆறு மணிக்கே எழுந்து முந்தின நாள் பாடத்தைப் புரட்டியிருப்போம்.

கடைசியில் 'செலி' என்ற சான்றிதழ்த் தேர்வு எழுதலாமா என்றும் கேட்பீர்கள். பெரூஜா பல்கலைக்கழகமே நடத்துவது அது. ஓய்வுபெற்றவர்களுக்குச் சான்றிதழால் ஆகப்போவது ஒன்றுமில்லை, ஆனால் தேதி குறித்த தேர்வு இருந்தால் கடைசி மாதம் சுற்றுலாவாகக் கரையாது. ஏ2-வுக்கு 'செலி 1', பி1-க்கு 'செலி 2'. வருடத்தில் சில குறிப்பிட்ட நாள்களில்தான் தேர்வு வரும் என்பதால், படிப்பு முடியும் வாரத்தை முதலில் தேர்வு நாளோடு பொருத்திப் பார்த்துவிட்டு, அப்புறம் விமான டிக்கெட் எடுங்கள். செப்டம்பர் கடைசியில் தொடங்குவதாக இருந்தால் சேர்க்கைக் கடிதத்துக்கு ஏப்ரலிலேயே எழுதிவிடுவது நல்லது. கோடையில் விசா நேரம் கிடைப்பது கஷ்டம், அலுவலகங்களும் ஆகஸ்டில் பாதி தூங்கும்.